தீபத்துக்கு முந்தின நாள்

"உங்கப்பா திரும்பி வந்ததும் உங்கம்மா திட்டலையாங்கய்யா?"

"திட்டாமயா? சோத்தப் போட்டுக்கிட்டே திட்டுனாங்க."

கன்னியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானா இருந்தா மொதல்ல தொடப்பம். அப்புறந்தான் சோறு."

தான் சிரித்தே வெகுநாளாகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாமியாராகப் போகிறேன் என்று புருஷன் கோதண்டராமன் கிளம்பிய பிறகு, அவனைத் தேடிக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தவள். சர்ச் பள்ளிக்கூடத்தைப் பெருக்கிக்கொண்டு திருவண்ணாமலையில் தன்னந்தனியாகக் கிடக்கிறாள்.

இனி தேடித் தீராது, நாளைக்குக் காலை பஸ்ஸில் அண்ணன் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று போதகர் ஞானமணியிடம் சொல்லிக்கொள்ளத்தான் வந்திருந்தாள்.

அவர் பைபிளை எடுக்கவில்லை. தன் கதையைச் சொன்னார். அவருடைய அப்பாவும் இப்படித்தான் காவி கட்டிக்கொண்டு போனாராம். பிள்ளையை மிஷன் ஆஸ்டலில் விட்டுவிட்டு அம்மா களையெடுக்கப் போனாளாம். பத்து வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் வாசலில் வந்து நின்றாராம் மனுஷர்.

"எப்படிங்கய்யா அடையாளம் தெரிஞ்சுது?"

"தாடியும் சடையுமா மூஞ்சியே தெரியல. இடது கையில ஆறு வெரலு. அம்மா அதைத்தான் பாத்தாங்க."

தெருவில் யாரோ நடந்து வரும் சத்தம். போதகர் பேச்சை நிறுத்திவிட்டு, கனத்த கண்ணாடி வழியே வாசலையே பார்த்தார். சத்தம் தாண்டிப் போனது. புரை விழுந்த கண். தம்ளர் எங்கே என்று தடவித்தான் எடுத்தார்.

"நாளைக்குத் தீபம். எங்கெங்கயோ இருக்கற சாமியாருங்கல்லாம் வருவாங்க. அதையும் பாத்துட்டுப் போயேம்மா."

கன்னியம்மாள் யோசித்தாள். திட்டிக்கொண்டே சோறு போடுவது போல ஒரு கணம் தன்னை நினைத்துப் பார்த்தாள். பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"சரிங்கய்யா. அண்ணனுக்கு ஒரு கார்டு போட்டுடறேன். அன்னதான வரிசையில ஒவ்வொரு மூஞ்சியா பாத்துட்டுதான் மறுவேலை."

அவள் தெருவில் இறங்கியபோது, போதகர் சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை வந்தார். கூப்பிட்ட குரல் அவருடையது போலவே இல்லை.

"மூஞ்சியப் பாக்கும்போது... எல்லாரோட இடது கையையும் கொஞ்சம் பாக்கறியாம்மா?"