பொப்பிக்கு முடி முளைக்கல்ல

எல்லாரும் குந்துங்க. கதவடியில நிண்டு பறையிற ரெண்டு பேரும் வாய மூடுங்க. சிரிக்கிறதெண்டா நான் சொல்லி முடிஞ்ச புறகு சிரிங்க.

தையல்காரி சுலோஜனாவத் தெரியும்தானே? வாயில எப்பவும் நாலு குண்டூசி. அதால அவ பறையிறதே இல்ல. ஓம் எண்டாலும் தலையாட்டல், இல்ல எண்டாலும் தலையாட்டல்.

அவட நாய்தான் பொப்பி. வைகாசியில, நம்மட அம்மன் கோயில் சடங்கு முடிஞ்ச அடுத்த நாள், பொப்பி வயிறு ஊதி விழுந்திட்டு. டவுன் மிருக டொக்டர் ஒரு பக்கத்த மழுமழு எண்டு வழிச்சு, வயித்த வெட்டி, தைச்சு அனுப்பினார்.

புண் ஆறிட்டு. புரட்டாதியும் வந்திட்டு. முடி மட்டும் வரல்ல.

டொக்டர் கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கிப்போட்டுச் சொன்னாராம், "சில நாய்க்கு மெதுவாத்தான் முளைக்கும்மா. ஆறு மாசமும் போகும், ஒரு வருசமும் போகும். ஒண்டும் பூசவேணாம்."

நம்மட ஆக்கள் விடுவாங்களா? ஒராள் தேங்காயெண்ணெய் பூசச் சொன்னார். ஒராள் வெங்காயச் சாறு. பொப்பி றோட்டால போனா கறி தாளிச்ச மாதிரி வாசம்.

கிரானில வயல் செய்யிற நாகரெத்தினத்தார் சொல்றார், "ரெண்டு பிடி யூரியா எறிஞ்சு பாரு புள்ள. ஒரு வயல் வட்டையே பச்சை பிடிக்கிது, இது என்னகா, ஒரு நாய்!"

இதுவரைக்கும் பகிடி. பகிடியக் கெடுத்தவர் வண்ணக்கர். கோயில் நிருவாகம் முழுக்க அவர்ர கையிலதான். பேர் கதிர்காமத்தம்பி.

மனிசன் சுத்தமெண்டா அப்பிடிச் சுத்தம். சடங்குக்குக் கோயில் கதவு திறந்தா எட்டு நாளைக்கு ஊருக்குள்ள மீன், இறைச்சி எண்டு ஒரு மச்சமும் கூடாதுதானே? அத ஸ்பீக்கரில கத்துறது அவர்தான். "ஊஹும்... அடியார்களே! ஆர்ர வளவிலயாவது ஒரு முட்டைக் கோது கண்டாலும் குத்தம்! குத்தம்!"

எட்டு நாளும் கோயிலிலதான் படுக்கை. மத்தியானம் மட்டும் "குளிச்சிட்டு வாறன்" எண்டு வீட்ட போவார். இந்த வருசம், ஆளில்லாத வீட்டுக்குக் காவல் வேணுமெண்டு பொப்பியக் கொண்டுபோய்க் கட்டி வச்சிருந்தவரும் அவர்தான். காவல் காத்த நாய்க்கு இப்ப என்ன மரியாதை எண்டு பாருங்க.

போன வெள்ளி, வண்ணக்கர் ஒரு உரச்சாக்கோட சுலோஜனாட வாசலுக்கு வந்திட்டார். பின்னால நாகரெத்தினத்தார், அவருக்குப் பின்னால பாதி ஊர்.

"நாலு மாசமா முடி முளைக்காம ஒரு நாய் இரிக்குமா? ஊஹும்... இது அம்மாள்ற குத்தம்! சடங்குக்குள்ள இதுக்கு மச்சம் குடுத்திரிக்கி. இத தோணியில ஏத்தி வாவிக்கு அங்கால படுவான்கரையில விட்டாத்தான் ஊர் உருப்படும்."

வண்ணக்கர்ர தலையில முடி போய் இருவது வருசம். அது ஆர்ர குத்தம் எண்டு ஆரும் கேக்கல்ல. நானும் கேக்கல்ல. எனக்கும் ஊருக்குள்ள இரிக்கணுமே!

பொப்பி தையல் மெசினுக்குக் கீழ, சுலோஜனாட காலோட ஒட்டிக்கொண்டு கிடந்திச்சு. எங்களப் பாத்து உறுமிச்சு. வண்ணக்கரக் கண்டதும் மட்டும் ஒழும்பிப் போய், வால ஆட்டி, அவர்ர கைய மோந்து மோந்து நக்கிச்சு.

"சீ, போ அங்கால!"

சுலோஜனா நாயின்ட கழுத்த ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்து மடியோட அணைச்சா. கண் நிறைஞ்சிட்டு. வாயில அந்த நாலு ஊசியும் அப்பிடியே.

நாகரெத்தினத்தாருக்கு மனம் கேக்கல்ல. "மச்சம் குடுத்தயா புள்ள? இல்லையெண்டா ஒரு சொல்லுச் சொல்லன்."

"அவ என்னத்தச் சொல்றது?" வண்ணக்கர் சாக்கு வாய விரிச்சார். "சொல்றதுக்கு ஏதும் இரிந்தா இந்த நாலு மாசமும் சொல்லியிரிப்பாதானே! நாயப் பிடிங்க."

சுலோஜனா ஊசிகள ஒவ்வொண்டா வாயிலிருந்து எடுத்து, சீலைத் தலப்பில குத்தினா. நாலாவதையும் குத்தின புறகுதான் வாயத் திறந்தா.

"டொக்டர் வயித்துக்குள்ளால எடுத்தது கோழிக்கால் எலும்பு, வண்ணக்கரையா. அந்த எட்டு நாளும் பொப்பி திண்டது உங்கட வீட்டுச் சாப்பாடுதான்."