மூத்த மருமகள் எங்கே?

பூதப்பாண்டி ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சில வாரங்களிலேயே, அந்த வீடு சரியில்லை என்று சிவப்ரியாவுக்குப் பட்டுவிட்டது.

கூடத்தில் மாட்டியிருந்த குடும்பப் படத்தில், கணவனின் அண்ணன் மகேஷ்குமாருக்குப் பக்கத்தில் நின்ற உருவத்தைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். ஒரு பட்டுப்புடவைத் தலைப்பு மட்டும் மிச்சமிருந்தது.

“இது யாரு அத்தான்?”

“அண்ணனுக்க பெண்டாட்டி, பெமிலா,” என்று கணவன் பத்மகுமார் குரலைத் தாழ்த்தினான். “வேதக்காரப் பிள்ளை, சர்ச்சுக்குப் போறவ. அவ பேரையே இங்க எடுக்கப்பிடாதுன்னு அப்பா சொல்லியிருக்காவ.”

“இப்ப எங்க இருக்காவ?”

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

துபாயில் இருந்த மகேஷ்குமார், தம்பி கல்யாணத்துக்கும் தனியாகத்தான் வந்து போயிருந்தான்.

மாமனார் தாணுலிங்கம் வெங்காயத்தைக்கூடச் சந்தேகத்தோடு பார்க்கும் சைவர். மத்தியானம் அவர் வாசகசாலைக்குக் கிளம்பியதும் மாமியார் பார்வதியம்மாள் பின்கட்டில் இருந்த பத்தயப்புரைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். நெல் வைக்கும் அறை. இப்போது நெல் கிடையாது.

கேட்டால், “தியானம் மக்களே,” என்று வாஞ்சையாகச் சொல்வாள்.

திரும்பி வரும்போது அவள் மேல் சாம்பிராணி மணக்கும். சாம்பிராணிக்கு அடியில், வேறொரு வாடை.

ஒருநாள் பத்தயப்புரை வாசல்படியில் ரத்தத் துளிகள் கிடந்தன. சிவப்ரியா கதவில் காதை வைத்தாள்.

“தலையத் தனியா எடுத்து வை,” என்றது மாமியாரின் குரல். “உடம்பத் துண்டு போடு. அவ்வோ வாறதுக்குள்ள ஒரு தடயம் இருக்கப்பிடாது.”

தோட்டத்துக்கு ஓடிப்போய் அண்ணனுக்குப் போன் செய்தாள். ஹரிகுமார் பக்கத்து ஸ்டேஷனில் எஸ்.ஐ.

“ஏட்டி, நல்லாக் கேட்டியா?”

“தலைன்னு சொன்னாவ அண்ணா. எனக்க காதால கேட்டேன்.”

ஜீப்பில் வந்து இறங்கிய ஹரிகுமார் பத்தயப்புரைக் கதவை ஓங்கி உதைத்தான். பழைய பலாப்பலகைக் கதவு, கால்தான் சுளுக்கிக்கொண்டது. மாமியாரே தாழைத் திறந்தாள்.

“தட்டினா தொறக்க மாட்டேனா மக்களே?”

உள்ளே புகையும் சாம்பிராணிச் சட்டி, சின்ன கேஸ் அடுப்பு, அருவாமணை. அருவாமணைக்கு முன்னால், பாதி நறுக்கிய, விலை கூடிய நெய்மீனோடு ஓர் இளம்பெண். கையெல்லாம் ரத்தமும் செதிலும்.

“நீ யாரு?” என்றான் ஹரிகுமார், காலைத் தேய்த்தபடி.

“பெமிலா. இந்த வீட்டு மூத்த மருமவ.”

சிவப்ரியா அவள் கழுத்தைத்தான் முதலில் பார்த்தாள். தலை பத்திரமாக இருந்தது.

“இறச்சகுளத்தில வாடகைக்கு இருக்கா,” என்றாள் பார்வதியம்மாள், தரையைப் பார்த்து. “மனசு கேக்காம ஒருநாள் பாக்கப் போனேன். ஒரு துண்டு மீன் தந்தா. அதுக்குப் பெறவு என்னால முடியல்ல. பின்வாசல் வழியா இங்கயே வரச் சொல்லிட்டேன். மாமாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் வெட்டிப் போடுவாவ.”

அதற்குள் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நிற்கிறதென்று கேள்விப்பட்டு, தாணுலிங்கம் மூச்சிரைக்க வந்து நின்றார். ஹரிகுமாரின் கை தானாக லத்தியைத் தேடியது.

அவர் மனைவியைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். மூத்த மருமகளைப் பார்த்தார். முகம் சிவந்தது.

“ஏட்டி பெமிலா, காலையில உனக்க வீட்டில எனக்கு வெறும் சாளைமீன் கறிய ஊத்திட்டு, இவளுக்கு மட்டும் நெய்மீனா?”