கேமராவுக்குச் சந்தனம்

முதலாளி பொங்கியண்ணனை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது 2006இல், ஒரு வெள்ளிக்கிழமை. பட்டன் அளக்கும் கேமராவின் லென்ஸில் சந்தனம் அப்பிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கப்பா, என்ன பண்றீங்க?" மகன் தரணீதரன் ஓடிவந்தார்.

"வெள்ளிக்கெழமை கண்ணு. எல்லா மெஷினுக்கும் பொட்டு வெச்சாச்சு. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"கண்ணுலயா பொட்டு வெப்பாங்க?"

"இதுக்கு வேற மூஞ்சி எங்க இருக்குது?"

செக்கிங் டேபிளில் ஒரே சிரிப்பு.

பனியன் கம்பெனிகளுக்குப் பட்டன் செய்யும் யூனிட் அது. நான் சூப்பர்வைசர். விட்டத்திலோ துளையிலோ முடியளவு வித்தியாசம் இருந்தாலும் கேமரா அந்தப் பட்டனைத் தள்ளிவிடும். அது ஒழுங்காக ஓடினால் தீபாவளியோடு செக்கிங் பெண்களை நிறுத்திவிடுவதாகத் தரணீதரன் சொல்லியிருந்தார்.

ஓடினால்தானே? வந்த நாளிலிருந்து வாராவாரம் சந்தனம். நல்ல பட்டனெல்லாம் கழிவு டப்பாவில் விழும். பெண்கள் அதைப் பொறுக்கி, மறுபடி கையால் பார்த்துப் பெட்டியில் போடுவார்கள்.

"பெரியவருக்குப் பக்தி முத்திப்போச்சுங்க. பெங்களூர்லயிருந்து எஞ்சினீயர் வந்தா அவனுக்கும் பொட்டு வெச்சுருவாரு" என்றாள் செக்கிங் விஜயகுமாரி. நானும் சிரித்தேன்.

அன்று செல்போனோடு வெளியே போன தரணீதரன், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்.

"எஞ்சினீயர் கையை விரிச்சுட்டாருங்க. சந்தனத்துக்கெல்லாம் வாரண்டி இல்லியாம். மெஷினை ஸ்டோர் ரூம்ல போடுங்க. பழையபடி பொம்பளைங்களே பார்க்கட்டும்."

"சாமி குத்தமா இருக்கும் கண்ணு" என்றார் பெரியவர், விரலை வேட்டியில் துடைத்தபடி.

திங்கட்கிழமை நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அவர் வீட்டுக்குள் நான் முதன்முதலாகப் போனது அன்றுதான். தரணீதரனிடம் மெதுவாகக் கேட்டேன். "அப்பா நெத்திக்குத் திருநீறு வேணுமுங்களே, சாமி ரூம் எங்கீங்க?"

"நம்மூட்ல சாமி படமே கெடையாதுங்க. அப்பா கோயில் வாசப்படி மிதிச்சதில்ல."

"அப்ப அந்தச் சந்தனம்?"

தரணீதரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொம்பளைங்களை நிறுத்தீருவேன்னு எல்லார்த்துகிட்டயும் பெருமையாச் சொல்லிப்போட்டேன். அப்புறம் அவங்க மூஞ்சியப் பார்த்தா மனசு கேக்கல. சொன்ன வாயால எப்படி மாத்திச் சொல்றதுங்க? அப்பா கண்டுபுடிச்சுட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சந்தனக் கிண்ணத்தோட வந்துட்டாரு."

"எஞ்சினீயரு..."

"நான் போனே போடலீங்க."

லென்ஸ் துடைக்கும் மருந்து பாட்டில் ஒன்று மெஷினோடு வந்திருக்கிறது. ஸ்டோர் ரூமில் இருக்கிறது. இன்னும் சீல் பிரிக்கவில்லை.