இடுப்பில் இருந்த எட்டு கிலோ

ஒரு கிளினிக்கில் எடை மெஷினும் சுவரில் மாட்டிய உயர ஸ்கேலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒருநாள் ஜெனிட்டா குழந்தையை இடுப்பில் வைத்தபடியே மெஷினில் ஏறினாள். குழந்தையை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

“அறுபத்திரண்டு. எப்படி அழுத்துறா பாரு,” என்று சிரித்தது மெஷின்.

“உயரம் நூத்தி ஐம்பத்தஞ்சு,” என்றது ஸ்கேல்.

ஜெனிட்டா இறங்கிய பிறகு வெளியே இருந்து வந்த நர்ஸ், அவள் சொன்ன இரண்டு எண்ணையும் வைத்து, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பி.எம்.ஐ.யைக் கணக்கிட்டாள். “இருபத்தஞ்சைத் தாண்டிருச்சும்மா. சாப்பாட்டைக் குறைங்க.”

ஜெனிட்டா தலையைக் குனிந்துகொண்டு செருப்பை மாட்டினாள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தாள். இந்தத் தடவை நர்ஸ் குழந்தையை வாங்கிக்கொண்டாள். முள் நாற்பத்து நான்கில் நின்றது.

“ராத்திரி சாப்பிடறதையே விட்டுட்டேன் சிஸ்டர். பாலும் வத்திப்போச்சு.”

மெஷினுக்கு அப்போதுதான் உறைத்தது. “அன்னிக்குப் பிள்ளையோட எட்டு கிலோவையும் சேர்த்தா சொன்னேன்? இவ உயரத்துக்கு ஐம்பத்து நாலு சரியான எடைதானே. நீ மேலே இருந்து பார்த்தியே, ஏன் சொல்லலை?”

“என் அளவு சரியா இருந்துச்சு,” என்றது ஸ்கேல், குரல் இறங்கி. “அதான் பேசாம இருந்துட்டேன்.”

குழந்தை பசியில் அழுதது. ஜெனிட்டா இறங்கினாள். முள் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. அதற்கும் கீழே போக மெஷின் இடம் தேடியது.