ஏழாவது கேள்வி

"ரத்தம் உறையாம இருக்க இவரு மாத்திரை ஏதாவது சாப்புடுறாரா?"

மயக்க மருந்து டாக்டர் கேட்டது மங்கலத்திடம். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற தங்கை ரேகாவைப் பார்த்தாள்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் தியேட்டருக்குள் மங்கலத்தின் கணவர் லூர்துசாமி படுத்திருந்தார். நெல்லிக்குப்பத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர். பித்தப்பையில் கல். இன்னும் கால் மணி நேரத்தில் அறுவை சிகிச்சை.

அவரைக் கேட்டபோது மாத்திரை எதுவும் இல்லை என்றிருக்கிறார். ஆனால் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்க வெகுநேரமானதாம். முழங்கை வரை நீலம் பாரித்துக் கிடக்கிறதாம்.

டாக்டரின் சந்தேகம் சரிதான். ஆறு வருடத்துக்கு முன் லூர்துசாமிக்கு மாரடைப்பு வந்தது. கடலூர் அரசு மருத்துவமனையில்தான் பிழைக்கவைத்தார்கள். இன்றைக்கும் மாதாமாதம் அங்கே வரிசையில் நின்று இலவசமாக மாத்திரை வாங்கி வருகிறார்.

அதைப் பற்றி இங்கே மூச்சு விடக்கூடாது.

இந்த ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டப்போவது இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த காப்பீடு. விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி, இதய நோய் உண்டா என்பது. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. இப்போது உண்டு என்றால் டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதுவார். அது அப்படியே கம்பெனிக்குப் போகும். பாலிசியே போய்விடும்.

மங்கலம் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

ஒரு மாத்திரை என்ன செய்துவிடும் என்றுதான் அவள் நினைத்தாள். கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது, உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கேட்ட விதத்திலேயே ரேகாவுக்குப் புரிந்துவிட்டது.

டாக்டர் திரும்பி நடந்தார். கதவில் கை வைத்துவிட்டார்.

"சார்."

ரேகாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

"சாப்புடுறாரு சார். ஹார்ட்டுக்கு. கடலூர் பெரியாஸ்பத்திரியில குடுக்குறாங்க. நேத்து கூட போட்டாரு."

டாக்டர் திட்டவில்லை. இன்றைக்கு ஆபரேஷன் கிடையாது என்று உள்ளே குரல் கொடுத்தார். இதய டாக்டரைக் கேட்டு, மாத்திரையைச் சில நாள் நிறுத்தித்தான் கத்தி வைக்க முடியும். பேசாமல் கடலூரிலேயே செய்துகொள்ளுங்கள், அங்கே இவரைத் தெரியும் என்றார்.

அவர் போனதும் மங்கலம் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒனக்காகத்தான்டி வாய மூடிக்கினு இருந்தேன்."

ஸ்ட்ரெச்சரில் மாமாவை வெளியே கொண்டுவந்தார்கள். ரேகா அவர் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அரை மணி கழித்து, காப்பீட்டு கவுண்டர் பெண் கையில் ஒரு தாளோடு வந்தாள். கம்பெனியில் கேட்கிறார்களாம், இந்த விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்த ஏஜெண்டின் நம்பர் வேண்டுமாம்.

ரேகா தன் செல் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள்.