பூங்காவனத்தின் தாலி

அலை பின்வாங்கியதும் எல்லோரும் வரிசையாக நின்று மெட்டல் டிடெக்டரை ஈர மணலுக்கு மேல் வீசத் தொடங்கினார்கள்.

இன்று யாரும் பழைய காசு தேடவில்லை. விநாயகத்தின் மனைவி பூங்காவனத்தின் தாலியைத் தேடினார்கள்.

தீவின் தெற்கே, சுரினாம் என்ற கிராமத்துக்குக் கீழே இருக்கும் அந்தக் கரையில் அலையைத் தடுக்கப் பவளத்திட்டு கிடையாது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக அங்கே போயிருக்கிறாள். மறுநாள் மீன்பிடிக்கிறவர்கள் உடலைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் தாலி இல்லை.

கால் நனைக்கப் போனவளை அலை இழுத்துவிட்டது, தாலியையும் அதுதான் பறித்துக்கொண்டது என்றார்கள். போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

விநாயகம் சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டுகிறவன். ஊர் திரும்பிய ஒரு ஜெர்மன்காரர் கொடுத்துவிட்டுப் போன டிடெக்டர்தான் அவனை இந்தப் பழக்கத்தில் இழுத்துவிட்டது. வக்குவா டவுனில் பழைய காசு சேர்க்கிறவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதில் சேர்ந்த பிறகு ஞாயிறு விடிந்தால் அவன் வீட்டில் தங்கியதில்லை. பூங்காவனம் வாரமெல்லாம் ஸ்வெட்டர் ஃபேக்டரியில் இருந்தாள். அவளுக்கும் விடுமுறை ஞாயிறு ஒன்றுதான்.

"அவ தாலியாவது கிடைக்கணும்" என்று அவன் சங்கத்தில் ஒரே ஒரு தடவை சொன்னான்.

அது போதுமாக இருந்தது. இவ் என்பவர் தன் ரேடியோ ரிப்பேர்க் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். தபாலாபீஸில் வேலை பார்க்கும் ஊகெட் லீவு போட்டாள். இன்னும் சில பேர் ஃபேக்டரி ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தார்கள். புதிதாக வரப்போகும் ஹோட்டலுக்காக அடுத்த வாரம் அந்தக் கரையில் வேலி போடப்போகிறார்கள். அதற்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள்.

விநாயகத்தின் அக்கா காமாட்சி எல்லோருக்கும் ரொட்டியும் அச்சார் ஊறுகாயும் கொண்டுவந்திருந்தாள்.

மதியத்துக்கு மேல் வெயில் தாங்காமல் ஊகெட் கரைமேட்டுக்கு ஏறி, சவுக்கு மரத்தடியில் ஒதுங்கினாள். டிடெக்டரை அணைக்க மறந்துவிட்டாள். கீழே வைக்கும்போது அது கத்தியது.

கையால் தோண்டினாள். இருமல் மிட்டாய் டப்பா ஒன்று வந்தது. உள்ளே ஒரு கைக்குட்டை. கைக்குட்டைக்குள் மஞ்சள் கயிற்றில் ஒரு தாலி.

அவள் போட்ட கூச்சலில் எல்லோரும் ஓடி வந்தார்கள். இவ் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். யாரோ கை தட்டினார்கள். விநாயகம்தான் கடைசியாகத் தண்ணீரிலிருந்து ஏறி வந்தான்.

பார்த்தான். கையை நீட்டவில்லை.

"இது அவளோடது இல்ல" என்றான் கிரியோல் மொழியில். "அவ தாலி கழுத்துல இருந்துச்சு. அலைதான் கொண்டுபோச்சு."

கைதட்டல் நின்றது.

எல்லோரும் காமாட்சியைப் பார்த்தார்கள். குடும்பத்துப் பெண், அவளுக்குத் தெரியாமல் இருக்காது. ஊகெட் அதை அவள் கையில் வைத்தாள்.

காமாட்சி கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். முழங்கால்வரை நனைந்து, ரொட்டிகூடத் தொடாமல் நின்றுகொண்டிருந்தான்.

"இல்ல" என்றாள். "இது வேற யாரோடதோ."

குளிக்க வந்த யாராவது பத்திரமாக இருக்கட்டும் என்று புதைத்துவிட்டு இடத்தை மறந்திருப்பார்கள் என்றார் இவ். அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் மறுபடி தண்ணீருக்கு இறங்கினார்கள்.

வெளிச்சம் மங்கும்வரை தேடினார்கள். கொண்டை ஊசிகளும், துருப்பிடித்த ஒரு தூண்டில் முள்ளும் கிடைத்தன. விநாயகம் நிறுத்தாமல் தாங்கள் நிறுத்தக்கூடாது என்று எல்லோருமே நினைத்தார்கள் போல. கடைசியில் இவ்தான் அவன் கையிலிருந்து டிடெக்டரை வாங்கி வேனில் வைத்தார்.

கிளம்பும் நேரத்தில் சங்கத்துக்காரர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு ஊகெட் வேன் ஜன்னல் அருகே வந்தாள். அந்தத் தாலி அவள் கையில் இருந்தது.

"இதை வீட்டுல அவ படத்துக்குப் போடு. அவளோடது இல்லாட்டி என்ன? நாங்க எல்லாரும் குடுக்கறது. அவ கோவிச்சுக்க மாட்டா."

சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள். பின்னால் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

விநாயகம் உள்ளங்கையை விரித்து நீட்டினான். மெர்சி என்று நன்றி சொன்னான். அவள் தாலியை வைத்த பிறகும் கை விரித்தபடியே இருந்தது. இவ் ஜன்னலுக்குள் கையை விட்டு, அவன் விரல்களைத் தாலிமேல் மடக்கி மூடினார்.

வேன் கரும்புக்காட்டுப் பாதையில் ஏறியது. காமாட்சி பக்கத்து இருக்கையில் இருந்தாள். தம்பி அவள் பக்கம் திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் கையிலிருந்து மஞ்சள் கயிறு வெளியே தொங்கியது.

அலை அறுத்த கயிறாக இருந்தால் நுனி பிரிந்திருக்கும். இதில் பிரியவே இல்லை. முடிச்சு விழுந்திருந்த இடங்களில் மட்டும் கயிறு சுருண்டு நெளிந்திருந்தது.

முதல் முடிச்சு விநாயகம் போட்டது. மற்ற இரண்டையும் நாத்தனார் முறைக்குக் காமாட்சிதான் போட்டாள். அவிழவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இறுக்கியிருந்தாள்.

அதை நகத்தால் நெம்பி நெம்பித்தான் எடுத்திருக்க முடியும். பூங்காவனம் அந்த மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவ்வளவு நேரத்திலும் அவளுக்கு மனசு மாறவில்லை.