ஒற்றைத் தலையணை

வண்டியில் ஒரே ஒரு தலையணை இருந்தது.

மார்லிஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

இந்தக் கடையில் தலையணையை ஒன்றாக விற்பதில்லை. எதையுமே ஒன்றாக விற்பதில்லை. உறுப்பினர் அட்டை உள்ளவர்களுக்கான மொத்தக் கடை. தேன் என்றால் இரண்டு புட்டி, மேசை விளக்கு என்றால் இரண்டு, முட்டை என்றால் ஐந்து டஜன். வருகிறவர் வீட்டில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள் என்று நினைத்தே எல்லாவற்றையும் கட்டிவைத்திருப்பார்கள்.

வாங்குகிறவர்களே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்களுக்கு நடுவே நிற்பது அவள் வேலை. அட்டையில் உள்ள முகமும் எதிரில் நிற்கும் முகமும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். வண்டியின் அடித்தட்டைக் குனிந்து பார்க்க வேண்டும். சிரித்துக்கொண்டே பார்க்க வேண்டும்.

டிசம்பரிலிருந்து யாரோ ஜோடிகளைப் பிரித்து ஒன்றை மட்டும் எடுத்துப்போய்க்கொண்டிருந்தார்கள். மேலுறையும் இருக்காது. மற்றொன்று மட்டும் அலமாரியில் கேட்பாரற்றுக் கிடக்கும். அதை விற்க முடியாது. கடையின் பின்புறக் கூண்டில் மார்லிஸ்தான் கொண்டுபோய்ப் போடுவாள். அங்கிருந்து குப்பை நசுக்கும் இயந்திரத்துக்குப் போகும்.

‘ஒத்தைத் திருடன்’ என்று பெயர் வைத்தவன் மேலாளர் டிரென்ட். அவளுக்கு மகன் வயது இருக்கும்.

"இந்த வாரமும் அவன் நம்ம கண்ணுல மண்ணத் தூவிட்டுப் போனான்னு வைங்க, மேல இருக்கறவங்க உங்களத்தான் கேப்பாங்க மார்லிஸ். வெளிய வண்டி பொறுக்கப் போட்ருவாங்க. டுலூத் ஊரு ஜனவரிக் குளிரு. உங்க இடுப்பு. யோசிச்சுக்குங்க" என்று காலையில்தான் சொல்லியிருந்தான்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஏரிக்காற்று பனியை வாரி வாகனங்களின் மேல் இறைத்துக்கொண்டிருந்தது. கையில் அள்ளும் அளவுக்குச் சம்பளம் இல்லையென்றாலும், உள்ளே கதகதப்பு இருந்தது. நாளெல்லாம் நாலு பேரிடம் பேசலாம். வீட்டில் அதுகூட இல்லை.

அவள் வண்டியருகே போனாள்.

காதுகளை மூடிய கம்பளித் தொப்பி. திரையில் பெயர் எல்டன் என்று இருந்தது. முகம் அவளுக்குத் தெரிந்ததுதான். முன்பெல்லாம் வண்டியை அவர் மனைவியின் கைகள் தள்ளும். இவர் பின்னால் எதையாவது குறை சொல்லிக்கொண்டே வருவார்.

"சார், இதோட ஜோடி எங்க?"

அவர் முகம் சிவந்தது. தலையணைக்கு அடியிலிருந்து, நான்காக மடித்த பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். பார்கோடு கிழியாமல் இருந்தது. திரையைப் பார்த்தாள். தலையணை, இரண்டு. முழு விலை.

"ரெண்டுக்கும் காசு போட்டாச்சும்மா. எப்பவும் போட்ருவேன்."

"அப்ப இன்னொண்ண மறந்துட்டீங்க போல. இருங்க, நான் போய் எடுத்துட்டு வரேன்."

"வேணாம்."

குரல் சற்று உயர்ந்துவிட்டது. பக்கத்து இயந்திரத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"கொண்டுபோனா, அதுக்கும் ஒரு எடம் போடணும்."

இயந்திரம் மட்டும் ரசீது வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"அங்க விட்டுட்டு வர்றதை யாராச்சும் எடுத்துக்கறாங்களா?" என்றார் கடைசியில்.

"எடுத்துக்கறாங்க சார்."

"நல்லது. வீணாப் போகக் கூடாது."

வாசற்பக்கமிருந்து டிரென்ட் கையைத் தூக்கினான். "என்ன மார்லிஸ், மீனு மாட்டுச்சா?"

ஒரு வார்த்தை போதும். திருட்டே இல்லை என்று ஆகிவிடும். அவள் இந்தக் கதகதப்பிலேயே இருக்கலாம். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு முறையும் வாசலில் யாராவது சிரித்த முகத்தோடு ஓடிவந்து, விட்டதை எல்டனின் வண்டியில் வைத்துவிடுவார்கள்.

"இல்ல டிரென்ட். ரசீது சரியாத்தான் இருக்கு."

"அப்ப கையுறை வாங்கி வச்சுக்குங்க. அதுவும் ஜோடியாத்தான் கெடைக்கும்!"

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள்.

எல்டன் ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மற்றொரு கை, காற்றில் பறந்துவிடும் என்பதுபோலத் தலையணையின் மேல் இருந்தது.

வேலை முடிந்ததும் மார்லிஸ் படுக்கை சாமான்கள் இருக்கும் பக்கம் போனாள். அலமாரியின் கீழ்த்தட்டில், சுவரைப் பார்த்தபடி மற்றொன்று கிடந்தது. எடுத்துக்கொண்டு பின்புறக் கூண்டுக்குப் போனாள்.

ஊழியர் வாசலில் டிரென்ட் அவள் பையைத் திறந்து பார்த்தான். அது அவன் வேலை. சாப்பாட்டு டப்பாவும் பேருந்து அட்டையும் இருந்தன. கோட்டை அவன் கவனிக்கவில்லை. அந்தக் குளிரில் எல்லோரும் பருத்துத்தான் தெரிவார்கள்.

வீடு போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சமையல் மேடையில் பாதி தீர்ந்த தேன் புட்டி. அதைத் தாண்டிப் படுக்கையறைக்குப் போய், பச்சை அடிப்பாகம் வைத்த விளக்கைப் போட்டாள். டிசம்பரில் எல்டனின் வண்டியில் போனது இதன் ஜோடிதான்.

இந்நேரம் அவரும் போட்டிருப்பார்.

கோட்டின் ஜிப்பை மெல்ல இறக்கி, தலையணையை வெளியே எடுத்தாள்.